கல்யாணக் கடைக்கு வெளியே ஒரு கல்யாணப் புடவை

‘கல்யாணத்துக்கு’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். சாதாரண நாளில் ஒரு விலைக்குக் கிடைக்கும் பூமாலை, அந்தச் சொல்லைக் கேட்டதும் விலை ஏறிவிடும். வாழை மரம், நாற்காலி உறை, கேக், வேன் வாடகை என்று எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மணப்பெண்ணின் உடை என்று வந்துவிட்டால், அந்த ஒரு சொல்லின் விலை தலை சுற்ற வைக்கும்.

என் அக்கா மகளுக்குச் சென்ற ஆண்டு ஆவணியில் திருமணம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஜொகூர் பாருவில் வேலை பார்க்கிறவர்கள். மாசாயில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கோயிலில் தாலி, நெருங்கிய உறவினர் எண்பது பேருக்குச் சாப்பாடு, அதோடு சரி. கல்யாணத்துக்காக ஒரு வெள்ளிகூடக் கடன் வாங்குவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மற்ற எல்லாச் செலவும் அந்தப் பேச்சுக்குள் அடங்கியது. உடை மட்டும் அடங்கவில்லை.

மணப்பெண் அலங்காரக் கடை ஒன்றில் விசாரித்தோம். இரண்டு உடைகளை வாடகைக்கு எடுக்க மட்டும் 2,800 வெள்ளி. 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அந்தக் கணக்கில் பார்த்தால், ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேலே. கடைக்காரர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்கும் வாடகை, ஆள் சம்பளம், துணி வெளுக்கும் செலவு எல்லாம் உண்டு. ஆனால் கடையை விட்டு வெளியே வந்ததும் பிள்ளை என்னிடம் கேட்டாள்:

“ஒரு நாள் போட்டுட்டுத் திருப்பிக் குடுக்கிறதுக்கு, வீட்டுக் காசுல கை வைக்கணுமா சித்தி?”

அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். “எனக்குப் பட்டு வேணாம். கனமா, பளபளன்னு வேணாம். வெள்ளை மாதிரி, சந்தன நிறத்துல, லேசா ஒண்ணு இருந்தா போதும். கல்யாணத்துக்கு அப்புறமும் நான் அதைக் கட்டணும்.”

நான் பத்து பகாட்டில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பதினான்கு ஆண்டுகள் தையல் பிரிவில் இருந்தவள். துணி, தையல், விலை இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம் இருந்தது. ‘வெள்ளை’ என்ற சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. வீட்டில் என் அம்மா இருக்கிறார்.

பாட்டி காலத்தில் ஏது கல்யாணக் கடை?

தேட ஆரம்பிக்கும் முன், கல்யாணத்துக்கென்றே தனிக் கடையும் தனி உடையும் எப்போது வந்தன என்று யோசித்துப் பார்த்தேன்.

அம்மாவின் கல்யாணம் குளுவாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு லயத்துக்கு வரும் வியாபாரியிடம் எடுத்த புடவைதான் அவருடைய கூறை. சம்பளம் போட்ட பிறகு மாதாமாதம் தவணையில் கட்டி முடித்தார்களாம். அதற்குப் பிறகு தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் அதே புடவைதான், கிழியும்வரை.

கூறை என்றாலே பட்டு என்று இன்று நினைக்கிறோம். மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் கூறைநாடு என்று ஓர் ஊர் இருக்கிறது. கூறைப் புடவைக்குப் பெயர் பெற்ற நெசவு ஊர் அது. அங்கே நெய்த புடவை பட்டும் பருத்தியும் கலந்தது, கட்டம் போட்டது. கனத்த சரிகையும் முழுப் பட்டும்தான் முறை என்றால், கூறைநாட்டுப் புடவைக்கே மணமேடையில் இடம் இருந்திருக்காது.

வெள்ளைக் கவுனுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தின் விக்டோரியா அரசி 1840 பிப்ரவரி 10ஆம் தேதி வெள்ளைப் பட்டில் மணமேடை ஏறினார். அதன் பிறகுதான் அந்த நிறம் மெல்ல மெல்ல வழக்கமானது. அதற்கு முன் அந்த ஊர்ப் பெண்கள் தங்களிடம் இருந்த நல்ல உடை எந்த நிறமோ அதையே உடுத்தி மணந்துகொண்டார்கள். பிறகு அதையே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் போட்டுக்கொண்டு போனார்கள்.

தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணங்கள் சிக்கனத்தையே பெருமையாகச் சொல்லி நடந்தவை. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் அவற்றுக்குச் சட்ட ஏற்பும் கிடைத்தது. நம் நாட்டிலும் அப்படி எளிமையாக மணந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆக, என் அக்கா மகள் கேட்டது புதுமை என்று சொல்ல முடியாது. பாட்டி காலத்துக்குத்தான் திரும்பிப் போகிறாள்.

உடை என்னென்ன தாங்க வேண்டும்?

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு தாளை எடுத்து எழுதினோம். அழகு, நிறம் எல்லாம் பிறகு. அந்த உடை என்னென்ன வேலைக்கு ஈடுகொடுக்க வேண்டும்?

முதலாவது, பதிவு. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு நம் நாட்டில் 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் இருக்கிறது. அது 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. பதிவதிகாரி முன்னிலையில் இரண்டு சாட்சிகள் வேண்டும். மணப்பெண் என்ன நிறம் உடுத்த வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் அரசாங்க அலுவலகத்துக்குள் போகும்போது உடை ஒழுங்கு பார்ப்பார்கள். 2015இல் சிலாங்கூரில் அரசு அலுவலகங்களுக்கு வந்த பெண்களைக் கைலி சுற்றிக்கொள்ளச் சொன்ன செய்தி பலருக்கு நினைவிருக்கும். முட்டிக்கு மேலே நிற்கும் கவுன், கையில்லாத ரவிக்கை இவற்றைப் பதிவு நாளுக்குத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நிம்மதி.

இரண்டாவது, ஹோமம். இதை யாரும் யோசிப்பதில்லை. பாலியெஸ்டர், நைலான் துணிகள் தீப்பொறி பட்டால் உருகும், உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய வலைத் துணி, நீளமாகத் தொங்கும் துப்பட்டா இவற்றோடு அக்னிக்கு முன் உட்காருவது ஆபத்து. பருத்தி, பட்டு இரண்டும் உருகி ஒட்டுவதில்லை. ஆனாலும் பருத்தி தீப்பிடிக்கும் என்பதால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, நம் ஊர் வெயில். கோயில் மண்டபத்தில் குளிர்சாதனம் இருக்காது. புகையிலும் கூட்டத்திலும் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பிறகு எழுந்து அக்னியை வலம் வர வேண்டும். மாதிரிக்கு உடுத்திப் பார்க்கும்போது கண்ணாடி முன் நின்று பார்த்தால் மட்டும் போதாது. கீழே உட்கார்ந்து எழுந்தும் பாருங்கள். கையை உயர்த்தி மாலை மாற்றுவதுபோல் செய்து பாருங்கள். அக்குள் தையல் பிடித்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

நான்காவது, அவள் கேட்டது. பிறகும் கட்ட வேண்டும்.

இந்த நான்கையும் வைத்துப் பார்த்ததும் முக்கால்வாசி உடைகள் தாமாகவே விலகிக்கொண்டன.

தேடிய இடங்கள்

ஜொகூர் பாருவில் லிட்டில் இந்தியா என்றால் ஜாலான் உங்கு புவான், ராஜமாரியம்மன் கோயில் சுற்றுவட்டாரம்தான். புடவைக் கடைக்குள் நுழைந்ததும் “கல்யாணமா?” என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நாங்கள் “புடவை பார்க்கணும், பருத்திப் பட்டு” என்று மட்டும் சொன்னோம். பொய் சொல்ல வேண்டியதில்லை, எல்லாவற்றையும் சொல்லவும் வேண்டியதில்லை. மணப்பெண் அலமாரியைத் தாண்டி உள்ளே, அன்றாடம் கட்டும் புடவைகளின் அடுக்கில்தான் எங்களுக்கு வேண்டியது இருந்தது.

ஏப்ரல் மாதம் அது. விஷுவுக்காகக் கேரளக் கசவுப் புடவைகளை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். பலராமபுரம், சேந்தமங்கலம் போன்ற ஊர்களின் நெசவுக்குப் பெயர்போன வகை. சந்தன வெள்ளையில் மெல்லிய பொன் கரை. கேரளத்தில் இந்துப் பெண்கள் மணமேடையிலேயே உடுத்தும் புடவை. பிள்ளை அதைத் தொட்டதும் அவள் முகத்தில் தெரிந்தது. விலை 165 வெள்ளி.

உடனே வாங்கவில்லை. கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் உரிமை. சம்பந்தியம்மாவிடம் கேட்காமல் எடுத்தால் அது தீராத பேச்சாகிவிடும். அதைவிடப் பெரிய அனுமதி ஒன்று என் வீட்டில் காத்திருந்தது.

வெள்ளை

என் அப்பா இறந்தபோது அம்மாவுக்கு முப்பத்தாறு வயது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அவர் கட்டியது வெள்ளையும் வெளுத்த நிறங்களும்தான். மரம் வெட்டப் போகும்போது மட்டும் பழைய சட்டையும் கைலியும். பிள்ளைகள் நாங்கள் வளர்ந்து, வற்புறுத்தி, ஒரு பச்சைப் புடவை வாங்கிக் கொடுத்தபோது அதை ஒரு வருடம் பெட்டியிலேயே வைத்திருந்தார்.

ஆகவே, பேத்தி வெள்ளைப் புடவையில் தாலி கட்டிக்கொள்ளப் போகிறாள் என்றதும் அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்: “வெள்ளையை நான் கட்டிட்டேன். இந்த வீட்டுக்கு அது போதும்.”

பிள்ளை அதைக் கேட்டுவிட்டு, “பாட்டி வேணாம்னா வேணாம் சித்தி” என்றாள். அவள் வாதாடியிருந்தால்கூட எனக்குக் கஷ்டமாக இருந்திருக்காது.

கைத்தொலைபேசியில் எடுத்த புடவைப் படத்தை மறுநாள் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இது கிராணியம்மா கட்டுறதாச்சே” என்றார்.

நம் தோட்டங்களில் கிராணி வேலையில் மலையாளிகள் நிறையப் பேர் இருந்தார்கள். அம்மாவின் தோட்டத்துக் கிராணியாரின் மனைவி ஓணத்துக்கும் விஷுவுக்கும் இதே புடவையில், தலை நிறையப் பூவும் நெற்றியில் பொட்டுமாக நடந்து வருவதை லயத்துப் பெண்கள் வேலியோரம் நின்று பார்ப்பார்களாம். “மகாலட்சுமி மாதிரி இருப்பாங்க” என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ரவிக்கை வெள்ளையா இருக்கக்கூடாது. அரக்கு நிறத்துல தை. புடவை வந்ததும் மொதல்ல எங்கிட்ட கொண்டா” என்றார்.

சம்பந்தியம்மாவிடம் அக்கா பேசினார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “உங்கம்மா சரின்னுட்டாங்களா?” சரி என்றதும் அவரே கடைக்கு வந்து, புடவைக்குப் பணம் கொடுத்தார்.

புடவை வந்த அன்று அம்மா ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தார். நான்கு மூலைகளிலும் பட்டையாகத் தடவினார். புதுத்துணிக்கு மஞ்சள் வைப்பது நமக்கெல்லாம் பழக்கமான காரியம்தான். அன்று அம்மா அதை ரொம்ப நேரம் செய்தார்.

“மஞ்சள் வச்சாச்சு. இனி இது வெள்ளை இல்ல” என்று மடித்துக் கொடுத்தார்.

கெபாயா ரவிக்கை

அரக்கு நிற ரவிக்கையை எப்படித் தைப்பது என்பதில்தான் என் அனுபவம் கைகொடுத்தது. கல் பதித்த மணப்பெண் ரவிக்கைக்குக் கூலியே ஒரு தொகை ஆகும். அதைப் பிறகு வேறு எதற்கும் போட முடியாது. கெபாயா மாதிரி தைக்கலாமா என்று பிள்ளைதான் கேட்டாள். முன்பக்கம் திறந்து, மூன்று கெரோங்சாங் ஊசிகளால் மூடும் முழுக்கை மேல்சட்டை. புடவைக்கு மேலே இடுப்பு தாண்டி நிற்கும், முந்தானை தோளில் போகும்.

இது நமக்கு அந்நியம் என்று சிலர் சொன்னார்கள். மலாக்காவில் காஜா பெராங் பக்கம் செட்டிக் கிராமத்துக்குப் போய்ப் பாருங்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் அங்கே இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்களின் உடை கெபாயா. மாரியம்மனை அந்த உடையில்தான் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுகிறார்கள். 2024 டிசம்பரில் மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து ஐந்து நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து, கெபாயாவுக்கு யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது. இந்த மண்ணில் பிறந்த பெண் அதைத் தன் கல்யாணத்துக்கு உடுத்த யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

லேஸ் துணி வேண்டாம் என்று முடிவு செய்தோம். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது நைலான். ஹோமத்துக்கு ஆகாது. மெல்லிய பருத்தி வாயில் துணியே கெபாயாவுக்குப் பொருத்தமானது. தம்போய் அங்சானாவிலும் அதைச் சுற்றியும் மீட்டர் கணக்கில் துணி விற்கும் கடைகள் இருக்கின்றன. துணி பருத்திதானா என்று சந்தேகம் வந்தால், ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, வீட்டுக்கு வந்து கொளுத்திப் பாருங்கள். பருத்தி தாள் எரிவதுபோல் வாசம் அடித்துச் சாம்பலாகும். பட்டு முடி கருகும் வாசம் தரும், கையில் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

தையலுக்கு மலாய்த் தையற்காரர் ஒருவரைப் பிடித்தோம். கெபாயாவின் இடுப்பு வளைவு அவர்கள் கைக்குப் பழகியது. ஒன்றை நினைவில் வையுங்கள்: நோன்பு மாதத்திலும் அதற்கு முந்தைய வாரங்களிலும் அவர்களிடம் துணி கொடுக்காதீர்கள். பெருநாள் உடைகள் மலைபோல் குவிந்திருக்கும். சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் மார்ச் 31இல் வந்தது. நாங்கள் ஏப்ரல் கடைசியில் போனோம். அந்தக் காக் நிதானமாக உட்கார்ந்து அளவெடுத்தார். பெருநாள் முடிந்த வாரங்களில் தைத்த கெபாயா, பாஜு கூரோங் விலை குறைப்பும் நடக்கும். தைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு அது நல்ல சமயம்.

தையற்காரரிடம் நான் கேட்டு வாங்கிய விஷயங்கள் மூன்று. முதலில் மலிவான துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்ப்பது. அடுத்து, பக்கத் தையலில் ஒரு அங்குலம் துணியை வெட்டாமல் உள்ளே விடுவது. கல்யாணத்துக்கு முன் மெலிபவர்களும் உண்டு, பிறகு பூசினாற்போல் ஆகிறவர்களும் உண்டு. கடைசியாக, வியர்வை படும் அக்குளுக்கு மட்டும் இரட்டைத் துணி. அளவு கொடுக்கப் போகும்போது அன்றைக்குப் போடப்போகும் உள்ளாடையையும் செருப்பையும் அணிந்துகொண்டே போங்கள். அரை அங்குல வித்தியாசம் அங்கேதான் வரும்.

கணக்கு

கசவுப் புடவை 165 வெள்ளி. வாயில் துணி இரண்டரை மீட்டர் 45. பூத்தையல் போட்ட கரை 60. உள்துணி 24. தையற்கூலி 140. கெரோங்சாங் 45. உள்பாவாடை 25. மொத்தம் 504 வெள்ளி. வாடகைக்குக் கேட்ட தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லாம் அவளுக்கே சொந்தம்.

பதிவு நாளில் அதே கெபாயாவை நீளமான கறுப்புப் பாவாடையோடு போட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அலுவலக விருந்துக்கும் அப்படித்தான் போனாள். மிச்சப் பணம் வீட்டு முன்பணத்தில் சேர்ந்தது. கல்யாணத்தன்று “பட்டு எடுக்கக்கூட வழியில்லையா?” என்று ஒரு குரல் வந்தது உண்மைதான். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா திரும்பிப் பார்த்து, “நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றார். அதற்குப் பிறகு பேச்சில்லை.

உங்கள் வீட்டில் வேறு விதமாக இருந்தால்

எல்லாருக்கும் கசவும் கெபாயாவும் பொருந்தாது. நாங்கள் தேடியபோது பார்த்த, கேட்ட மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன்.

பண்டல் கடை: பழைய துணிகள் மூட்டை மூட்டையாகக் கட்டி வருவதால் வந்த பெயர். ஜப்பானிலிருந்து வரும் உடைகள் பல புதிதுபோலவே இருக்கும். என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த தோழியின் மகள் கிறிஸ்தவப் பெண். தேவாலயத் திருமணத்துக்கு அவள் போட்ட எளிய வெள்ளைக் கவுன் பண்டல் கடையில் 40 வெள்ளிக்கு வாங்கியது. தையற்காரர் இடுப்பைச் சரிசெய்து, கை வைத்துத் தர இன்னொரு 80 வெள்ளி. இப்படி வாங்கும்போது துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை பாருங்கள். அக்குளில் மஞ்சள் கறை இருக்கிறதா, ஜிப் இரண்டு முறை ஏறி இறங்குகிறதா, உள்துணி கிழிந்திருக்கிறதா என்று கவனியுங்கள். ஜப்பானிய அளவு நம் அளவைவிடச் சிறியது, அட்டையை நம்பாதீர்கள். பெரிய உடையைச் சிறிதாக்கலாம், சிறிய உடையைப் பெரிதாக்குவது கடினம்.

இணையக் கடை: உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஓர் உடையைத் தரையில் விரித்து, மார்பு, இடுப்பு, தோள், நீளம் நான்கையும் சென்டிமீட்டரில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவோடு ஒப்பிட்டு வாங்குங்கள். ‘எம்’, ‘எல்’ என்ற எழுத்துகளுக்குக் கடைக்குக் கடை அர்த்தம் மாறும். திருப்பி அனுப்ப முடியுமா என்று பார்த்துவிட்டு, குறைந்தது இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அம்மாவின் அலமாரி: 2021இல் இந்தி நடிகை யாமி கௌதம் தன் தாயாரின் பழைய பட்டுப் புடவையில் மணந்துகொண்டார். அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்து இளவரசி பியட்ரிஸ், பாட்டியான எலிசபெத் அரசியின் பழைய கவுனை இரவல் வாங்கி, கை வைத்துத் தைத்து உடுத்தினார். அரண்மனையிலேயே இரவல் வாங்குகிறார்கள், நமக்கென்ன கௌரவக் குறைச்சல்? பழைய பட்டை எடுத்தால் மடிப்பு ஓரங்களை முதலில் பாருங்கள். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த புடவை அந்தக் கோட்டில்தான் இழை விடும், சரிகையும் அங்கேதான் முறியும். புடவை நன்றாக இருந்தால் ரவிக்கை மட்டும் புதிதாகத் தைத்தால் போதும்.

போகும் நேரம்: 2025 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை சனி, ஞாயிறாகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வருகிறவர்களும் அதே நாட்களில்தான் வருகிறார்கள். வாரநாள் காலையில் ஒரு விடுப்பு எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும், உங்களுக்கும் துணியைத் தொட்டுப் பார்க்க நேரம் இருக்கும்.

பட்டு உடுத்தி, மணப்பெண் கடையில் அலங்காரம் செய்துகொண்டு மணமேடை ஏற ஆசைப்படும் பெண்கள் தாராளமாக ஏறட்டும். கையில் பணம் இருந்து, மனதில் ஆசையும் இருந்தால் அதில் தவறே இல்லை. பணம் இல்லாமல், ஆசையும் இல்லாமல், ஊருக்காக மட்டும் கடன் வாங்கி உடுத்தும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதினேன். உங்கள் வீட்டிலும் ஒரு பெண் “எனக்கு வேறு மாதிரி வேணும்” என்று தயங்கித் தயங்கிச் சொன்னால், விலையைக் கேட்பதற்கு முன் அவள் எதைச் சொல்கிறாள் என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் மறுத்தால், அவர்கள் எதை நினைத்து மறுக்கிறார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு கடைக்குப் போனால், தேட வேண்டியது புடவை மட்டும்தான்.